பெத்லியின் இடது கை

எங்கள் சின்ன பாசெலில் பெத்லி கீசினைத் தெரியாதவர்கள் இரண்டே வகை. சட்டையே போடாதவர்கள், போட்டாலும் சுருக்கத்தோடு போடுகிறவர்கள். ரைன் ஆற்றின் இந்தக் கரையில் இஸ்திரி என்றால் அவள்தான். அவள் தேய்த்த காலரின் விளிம்பில் தக்காளி நறுக்கலாம், நான் நறுக்கியிருக்கிறேன். பாதிரியார் ஒருமுறை பிரசங்கத்தின் நடுவே சட்டென்று தலையைத் திருப்பி, தாடையில் கீறலோடு இறங்கி வந்தார். அன்றைக்கே கஞ்சியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நம்பாதவர்கள் பாதிரியாரையே கேட்டுக்கொள்ளலாம். அவர் இறந்து முப்பது வருஷம் ஆகிறது.

பெத்லி ஆள் குள்ளம். துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தால் கூடை தானாக நடந்து வருவது போலிருக்கும். வலது கை மட்டும் கொல்லன் கை. நாளெல்லாம் இஸ்திரிப் பெட்டியை அழுத்தித் தேய்த்தால் வேறெப்படி இருக்கும். இடது கை வேறு யாரிடமோ இரவல் வாங்கியது போல மெல்லிசு. பெட்டிக்கு முன்னால் ஓடித் துணியை நீவிவிடுவது அதன் வேலை. பெட்டி சூடேறிவிட்டதா என்று பார்ப்பதும் அதுதான். விரலை நாக்கில் நனைத்துப் பெட்டியில் ஒரு தட்டு. சுர்ரென்று சத்தம் வரும்போது விரல் அங்கே இருக்காது.

நான் பெத்லிக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மேல்வீட்டில் நடந்தது முழுக்க என் கூரை வழியாக எனக்குக் கேட்டது. கேட்காததை நானே இட்டு நிரப்பிக்கொண்டேன்.

அவள் புருஷன் வால்ட்டி, டிராம் பணிமனையில் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவன். அங்கே பாதிப்பேர் ‘ஓட்டைக்கெண்டி’ என்கிற குழுவில் மேளம் அடித்தார்கள். குளிர்காலக் கடைசியில் மூன்று நாள் முகமூடித் திருவிழா வரும்போது பணிமனையே காலியாகிவிடும். வால்ட்டி மட்டும் சக்கரங்களோடு உட்கார்ந்திருப்பான். முப்பத்திரண்டாவது வயதில் அவனுக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஏழெட்டு வயதில் தொடங்க வேண்டிய காரியம் அது. ஆகவே செவ்வாய்தோறும் மாலையில், முழங்கால் தாடையில் முட்ட, குட்டி நாற்காலியில், பால்பல் விழுந்த பிள்ளைகளுக்கு நடுவே வால்ட்டி உட்கார்ந்தான். முதல் இரண்டு வருஷம் மேளத்தின் பக்கத்தில் விடமாட்டார்கள். ரப்பர் ஒட்டிய மரக்கட்டை ஒன்று, குச்சி இரண்டு. அவ்வளவுதான்.

சொல்லிக்கொடுத்தவர் இம்ஹோஃப். பகலில் கடிகாரம் பழுது பார்க்கிறவர். முகங்கள் அவருக்குத் தங்காது. சொந்த மைத்துனனைப் பாலத்தின் மேல் பார்த்து, “தாங்கள் யாரோ?” என்று தொப்பியைத் தூக்கியவர். ஆனால் ஒரு மணிக்கட்டை ஒருதரம் பார்த்துவிட்டால் சாகும்வரை மறக்கமாட்டார். டிராமில் கம்பியைப் பிடித்துத் தொங்கும் கைகளை வைத்தே, இது இன்னார், இது இன்னாருடைய அண்ணன் என்று சொல்லிக்கொண்டு வருவார்.

வீட்டில் வால்ட்டி கட்டையைச் சமையல் மேசையில் வைத்துத் தட்டுவான். பெத்லி பக்கத்தில் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

“வால்ட்டி, அது மேளமா, மரங்கொத்திக்கு விக்கலா?”

“ரெண்டு வலது, ரெண்டு இடது. மெதுவா ஆரம்பிச்சு, வேகமாப் போயி, திரும்ப மெதுவா வந்து நிக்கணும். கேக்கறவங்களுக்குச் சுலபம்.”

“ரெண்டாவது இடது எங்க போச்சு? நான் எண்ணிட்டுத்தான் இருக்கேன். நாலுக்கு மூணுதான் வருது.”

“இடது கை அடிக்க மாட்டேங்குது.”

“நீ குச்சிய கழுத்தப் புடிச்சு நெரிக்கிற. செத்தது எப்பிடி எந்திரிக்கும்? கொண்டா இங்க.”

“இது வெளையாட்டில்ல பெத்லி. வாத்தியார் சொன்னபடி புடிக்கணும். இடது குச்சி பெருவிரல் கவட்டுல படுக்கணும். ரெண்டு விரல் மேல, ரெண்டு விரல் கீழ. சாவி திருப்பற மாதிரி மணிக்கட்டு மட்டும் திரும்பணும். தோள் அசையக் கூடாது. அடிக்கக் கூடாது, விழ விடணும்.”

“விழ விடணும்னு சொல்லிட்டு நீ ஏன் ஆணி அடிக்கிற?”

அவள் குச்சியைக் கவட்டில் படுக்கவைத்தாள். பழக்க தோஷத்தில் விரலை நாக்கில் நனைத்துக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பினாள். குச்சி விழுந்தது, எழுந்தது, கேட்காமலே இன்னொரு முறை விழுந்தது. இரண்டு. சூட்டைத் தொட்டுவிட்டு வந்த கைக்குக் கட்டையைத் தொட்டுவிட்டு வர யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வலது கைதான் சண்டைக்காரி. பெட்டியை அழுத்தின பழக்கத்தில் கட்டையையும் அழுத்தியது. முதல் நாளே ரப்பர் கிழிந்தது. அழுத்தம் தோளிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, வலது அக்குளில் ஒரு முட்டையை இடுக்கிக்கொண்டு பழகினாள். தோள் இறங்கினால் முட்டை உடையும். அந்தக் குளிர்காலத்தில் நாற்பத்தாறு முட்டை உடைந்தது. நாற்பத்தேழாவது முட்டை வெதுவெதுப்பில் பொரிந்து குஞ்சாகிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன். பெத்லி மறுக்கவில்லை.

இப்படி மூன்று குளிர்காலம். செவ்வாய்க்கிழமை வால்ட்டி கொண்டுவந்த பாடம் வியாழக்கிழமைக்குள் பெத்லியின் கையில் இருந்தது. தட்டுகளை ஒரே மூச்சில் உருட்டுகிற மூன்றடி, ஐந்தடி, ஒன்பதடி உருட்டு எல்லாம். அவளுக்குச் சந்தேகம் வந்தால் வால்ட்டி அதை வகுப்பில் கேட்பான்.

“வாத்தியாரே, வலது கை ரொம்ப அழுத்துச்சுன்னா என்ன பண்றது?”

இம்ஹோஃப் கண்ணைச் சுருக்குவார். “உன் வலது கை அழுத்தலையே. உன் இடது கைதானே தண்டவாளம் மாதிரி கெடக்குது. யாருக்காகக் கேக்கற?”

“பொதுவாக் கேட்டேன், வாத்தியாரே.”

எப்படியோ அவனுக்கும் ஒரு மேளம் கிடைத்தது, கடைசி வரிசையில். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு. பெண்களுக்கு ஓட்டு வேண்டுமா என்று அதற்கு மூன்று வருஷம் முன்னால் நாடு முழுக்க ஆண்களைக் கேட்டார்கள். ஆண்கள் யோசித்துப் பார்த்து வேண்டாம் என்றார்கள். ஓட்டைக்கெண்டியின் விதிப்புத்தகத்தில் யாரையும் கேட்கக்கூட இல்லை. உறுப்பினர் என்றால் ஆண் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அந்த வருஷம் அவர்கள் எடுத்த வேஷம் என்ன தெரியுமா? கிழட்டு அத்தை. நீளப் பாவாடை, கம்பளிச் சால்வை, பூ வைத்த தொப்பி, மூக்கு நீண்ட முகமூடி, வெள்ளைக் கையுறை. நாற்பது ஆண்கள், நாற்பது அத்தைகள்.

திருவிழாவின் முதல் நாள், திங்கட்கிழமை முழுக்க வால்ட்டி அடித்தான். குச்சியை நெரிக்கிற கை அன்றைக்கு அதற்கான கூலியை வாங்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு உள்ளங்கையிலும் தோல் வெடித்து, ரொட்டி மாவு போல வீங்கி நின்றது. சாமந்தித்தண்ணீர்ப் பாத்திரத்தில் கையை விட்டுக்கொண்டு அழுதான். செவ்வாய் பிள்ளைகளுக்கான நாள், ஆனால் புதன்கிழமை மதிய ஊர்வலம் பாக்கி. வரிசையில் ஓட்டை விழுந்தால் அடுத்த வருஷம் அவனுக்கு இடமில்லை.

புதன்கிழமை காலையில் பெத்லி என்னிடம் இறங்கி வந்து கதவைத் தட்டினாள். “டீச்சர், ஊசி நூலை எடுங்க. பாவாடைய நாலு அங்குலம் மடிக்கணும்.”

“உன் பாவாடையா?”

“என் புருஷனோடது.”

மடித்துத் தைத்தேன். செருப்புக்குள் இரண்டு கட்டை வைத்து உயரமாக்கினோம். நடையில்தான் சிக்கல். அவளைப் போல நடந்தால் பெண் என்று தெரிந்துவிடும். ஆண் போல நடந்தால் அத்தை என்று நம்பமாட்டார்கள். பெண்ணைப் போல நடக்கத் தெரியாத ஆண் பெண்ணைப் போல நடப்பது எப்படி என்று என் சமையலறையில் ஒரு மணி நேரம் பழகினாள். வால்ட்டி வாசலில் நின்று, வீங்கிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “இடுப்ப இன்னும் ஆட்டு, நாங்க அதிகமா ஆட்டுவோம்” என்று சொல்லிக்கொடுத்தான்.

நான் நடைபாதையில் நின்று பார்த்தேன். கடைசி வரிசையில் ஓர் அத்தை. பாலத்தில் ஏறும்போது அவள் ஒன்பதடி உருட்டு ஒன்று போட்டாள் பாருங்கள், ரைன் ஆறு ஒரு கணம் நின்று கேட்டுவிட்டுப் போயிற்று. இம்ஹோஃப் வரிசைக்குப் பக்கவாட்டில், தானும் ஓர் அத்தையாக, பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருந்தார். கடைசி வரிசைக்கு வந்தவர் நின்றுவிட்டார். பத்தடி கூடவே நடந்தார். முகமூடி அவள் கையை விட்டு நகரவில்லை. பிறகு முன்னால் ஓடி, கட்டையில் பழகுகிற பிள்ளைகளைப் பிடித்து இழுத்துவந்தார்.

“பாருங்க. இது இடது கை. இப்பிடித்தான் படுக்கணும் குச்சி. மூணு வருஷமா கத்திட்டிருக்கேன், இன்னிக்குத்தான் கண்ணால பாக்கறேன். வால்ட்டி கீசின், நீ என்னை முட்டாளாக்கிட்டியே அப்பா.”

பெத்லி தலையை ஆட்டினாள். வேறென்ன செய்ய முடியும்.

ஊர்வலம் முடிந்து சாராயக்கடையில் எல்லாரும் முகமூடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு மாவுசூப்பு குடித்தார்கள். பெத்லி தூக்கவில்லை. தொண்டை கட்டியிருப்பதாகச் சைகை காட்டிவிட்டு, குழல் போன்ற ஒரு நீள மக்கரோனியை முகமூடியின் வாய் வழியாக உள்ளே விட்டு உறிஞ்சினாள். பிறகு மக்கரோனியையும் சாப்பிட்டாள்.

பத்து நாள் கழித்துக் குழுவின் பொதுக்கூட்டம். குறிப்பேட்டில் இம்ஹோஃப் தன் கடிகாரக்காரக் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தார்: புதன்கிழமை வா. கீசினின் இடது கை, பழகுநர் அனைவருக்கும் முன்மாதிரி. அதைத் தலைவர் ஹூக் சத்தமாகப் படித்தார். ஹூக் கசாப்புக்கடைக்காரர், பெரிய மேளத்தை விடப் பெரிய வயிறு. “வா வால்ட்டி, முன்னால வந்து அந்தக் கையக் காட்டு.”

வால்ட்டி எழுந்தான். பொய் சொல்லியிருக்கலாம், இன்னும் வீக்கம் இருக்கிறது என்று. சொல்லவில்லை.

“அது என் கை இல்ல. என் பொண்டாட்டி கை.”

சிரித்தார்களாம். அவன் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்தினார்களாம். ஹூக் இம்ஹோஃபைத் திரும்பிப் பார்த்தார். இம்ஹோஃப் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டே, “என் கண்ணு தப்பாப் பாத்திருக்கும். கூட்டம், குளிரு” என்றார். பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

வால்ட்டி வீட்டுக்கு வந்து சொன்னதும் பெத்லி பெட்டியைக் கீழே வைத்தாள். விதிப்புத்தகம் அவளுக்குத் தெரிந்ததுதான். அதற்கு அவள் கோபப்படவில்லை.

“அடிச்சாரா? அந்த வரிய அவரே அடிச்சாரா?”

“அவரேதான்.”

“கடிகாரத்துல பல்லு ஒரு மயிரிழை தேஞ்சிருந்தாக் கண்டுபிடிக்கிற கண்ணு. என் கையில வந்துதான் தப்பாப் பாத்துச்சா?”

மறுநாள் ஹூக் இஸ்திரிக்கடைக்கே வந்தார். கையில் ஒரு தாள். புதன்கிழமை மேளம் அடித்தது என் கணவர் வால்ட்டர் கீசின், நான் அல்ல என்று அதில் எழுதியிருந்தது.

“கையெழுத்துப் போடும்மா. உன் புருஷன் ஏதோ குடிச்சிட்டு உளறிட்டான்னு விட்டுடறோம். அவனுக்கும் இடம் இருக்கும், எங்களுக்கும் மானம் இருக்கும்.”

“போடலைன்னா?”

“அவன் வெளிய.”

பெத்லி வால்ட்டியைப் பார்த்தாள். பணிமனை உடுப்போடு மூலையில் நின்றிருந்தான். மூன்று வருஷம் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிய இடம் அது.

“நீ போட்டேன்னா வீட்டுல சூப்பு வைக்க வேற ஆளப் பாத்துக்கோ” என்றான் அவன். அந்த வீட்டில் சூப்பு வைத்தது எப்போதும் அவன்தான்.

அவள் தாளை மேசையில் விரித்தாள். இடது கையால் நீவிவிட்டாள். பெட்டியை எடுத்து அதன் மேல் வைத்து, வலது கையின் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டு, ஹூக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். புகை வந்தது. எடுத்தபோது எழுத்துக்கு மேல் பெட்டியின் வடிவம் பழுப்பாகப் பதிந்திருந்தது.

“இதான் என் கையெழுத்து. கசங்காமக் கொண்டு போங்க.”

அந்தத் தாளை ஹூக் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டு போனார் என்றும், நெருப்பு அணையாமல் பாலம் தாண்டும்போது தலையில் புகைந்தது என்றும் நான் சொல்லிவருகிறேன். பாதி உண்மை.

அடுத்த திருவிழா வரைக்கும் என் கூரையில் நிம்மதி இல்லை. குழுவிலிருந்து வெளியே தள்ளப்பட்ட வால்ட்டி பணிமனைக் கூட்டாளி ஒருவனிடமிருந்து பழைய மேளம் ஒன்றைக் கொண்டுவந்தான். ஓட்டைக்கெண்டியின் தாள நடைகள் அத்தனையும் அவளுக்கு அத்துப்படி. அவன் கூடவே எண்ணுவான். தவறு வந்தால் அவன்தான் நிறுத்துவான். கை வராவிட்டாலும் காது வந்திருந்தது அவனுக்கு.

“யாரு கூடப் போகப் போற?” என்று நான் கேட்டேன்.

“தனியாத்தான். தெருவுல முகமூடி போட்டுத் தனியா அடிக்கறவனை யாரும் கேக்க முடியாது, டீச்சர். அது எல்லாருக்கும் உள்ள உரிமை.”

“அப்புறம் யாருக்கு நீன்னு தெரியும்?”

“தெரிய வேண்டிய ஒருத்தருக்குத் தெரியும்.”

திருவிழாப் புதன்கிழமை. பனி கரைந்து உறைந்து கிடந்தது. பெத்லி வால்ட்டியின் பழைய எண்ணெய்க்கறை உடுப்பைப் போட்டுக்கொண்டாள். பெரிய மீசை வைத்த ஆம்பளை முகமூடி. மேளத்தின் அடிப்பக்கம் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கையுறை மட்டும் போடவில்லை. சந்தைக்கு ஏறுகிற குறுகலான சந்தின் நடுவில் போய் நின்றாள். ஓட்டைக்கெண்டி மேலிருந்து இறங்கி வருகிற நேரம். சந்தில் எதிரெதிரே வந்தால் சின்னக் கூட்டம் சுவரோடு ஒட்டி, சத்தத்தை நிறுத்தி, பெரிய கூட்டத்துக்கு வழி விடுவதுதான் எங்கள் மரியாதை. அவள் ஒருத்தி. அவர்கள் நாற்பது பேர், முன்னால் இந்த வருஷம் மேளம் கிடைத்த பிள்ளைகள் வேறு.

அவள் ஒட்டவில்லை. நிறுத்தவும் இல்லை. அவர்கள் அடித்துக்கொண்டு வந்த அதே நடையை எடுத்து அடித்தாள். முதல் வரிசைப் பிள்ளைகள் அவள் கையைப் பார்த்தார்கள். பார்த்ததும் குச்சிகள் தடுமாறின. அந்தத் தடுமாற்றம் வரிசை வரிசையாகப் பின்னால் போய், நாற்பது மேளமும் ஒவ்வொன்றாக அணைந்தது. அவளுடையது மட்டும் நடந்துகொண்டிருந்தது.

பின்னாலிருந்து ஒரு வயிறு வந்தது. முகமூடிக்குள்ளிருந்து, ஆள் தெரியாமலிருக்க வழக்கப்படி கீச்சுக்குரல். “ஏய் மீசைக்காரா, ஒதுங்கு.”

“சந்து உங்க கசாப்புக்கடையா?” இவளும் கீச்சுக்குரலில்.

“கையுறையப் போடு. கையைக் காட்டிட்டு வரக்கூடாது.”

“முகமூடியக் கழட்டக் கூடாதுன்னு விதி இருக்கு. நான் கழட்டல. கையுறைக்கு எந்த விதி? எந்தப் பக்கத்துல? எடுத்துக் காட்டுங்க, நான் அடிச்சிட்டே காத்திருக்கேன்.”

சுவரோரம் நின்ற வால்ட்டி அவளுடைய வெள்ளைக் கையுறைகளை, எல்லாருக்கும் தெரியும்படி, இரண்டு மீன்களைப் போல வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினான். அவள் கைகள் குளிரில் சிவந்து நீலமாகிக்கொண்டிருந்தன. இடது விரல் நுனிகளில், தொழில் பழகிய காலத்தில் பெட்டி சுட்ட வெள்ளைத் தழும்புகள். எந்த ஆணுக்கும் அந்தத் தெருவில் அப்படியொரு கை கிடையாது. எந்த வீட்டுக்காரிக்கும் அது யாருடைய கை என்பதில் சந்தேகமும் கிடையாது. ஜன்னல்கள் திறந்தன. ஒரு ஜன்னலிலிருந்து, “காலர்காரி” என்று யாரோ சொல்வது கேட்டது.

இம்ஹோஃப் வந்தார். அந்த வருஷம் அவருக்குக் கோமாளி வேஷம், மணி வைத்த தொப்பி. குனிந்து, மேளத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகமூடியைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். அவள் அடித்துக்கொண்டேயிருந்தாள். முழு நடையும் ஒரு சுற்று வந்தது. அவர் நிமிரவில்லை. இன்னொரு சுற்று தொடங்கினாள். விரலில் உணர்வு போய்க்கொண்டிருந்தது என்று பிற்பாடு சொன்னாள். நான் நின்ற இடத்திலிருந்து அது தெரியவில்லை, மீசைதான் தெரிந்தது.

கடைசியில் அவர் நிமிர்ந்தார். முகமூடி போட்டுக்கொண்டு யாரும் செய்யாத காரியத்தைச் செய்தார். தன் சொந்தக் குரலில் பேசினார்.

“இடது கட்டைவிரல் ஒரு மயிரிழை மேல ஏறியிருக்கு.”

அவளும் குரலை மாற்றவில்லை. “ஏறித்தான் இருக்கும். அது என் கட்டைவிரல்.”

“ஏறினா உருட்டு குறுகும்.”

“அத நான் அடிக்கறதக் கேட்டுட்டுச் சொல்லுங்க, வாத்தியாரே.”

நீள உருட்டைத் தொடங்கினாள். இரண்டு வலது, இரண்டு இடது, ஒவ்வொன்றும் தனித்தனியாக எண்ணலாம்; பிறகு எண்ண முடியாது; பிறகு துணி கிழிகிற மாதிரி ஒரே சத்தம். அது எவ்வளவு நேரம் இருந்தது என்றால், சந்தின் மேல்முனையில் ஒருத்தி அடுப்பில் வைத்த வெங்காய அடை கருகி, அவள் இன்னொன்று வைத்து, அது வெந்தும்விட்டது. பிறகு சத்தம் திரும்ப அவிழ்ந்தது. இடது இடது, வலது வலது. நின்றது.

இம்ஹோஃப் கடைசி அடி வரைக்கும் கேட்டார். பிறகு தன் வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“சுவரோட நில்லுங்க. மேளக்காரம்மா மேல போகணும்.”

“யோவ் இம்ஹோஃப்” என்று வயிறு ஆரம்பித்தது.

“நீங்களும்தான், தலைவரே. எழுத வேண்டியத நான் இன்னிக்கே எழுதிடறேன். இந்த முறை பேர் சரியா இருக்கும்.”

பிள்ளைகள் முதலில் ஒட்டினார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையாக, மேளத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, நாற்பது பேரும் இரண்டு சுவரிலும் ஒட்டினார்கள். பெத்லி யாருக்கும் நன்றி சொல்லவில்லை. மேளத்தை ஒரு தட்டுத் தட்டி நடையை எடுத்துக்கொண்டு, நட்டநடுவில், அவசரப்படாமல் ஏறினாள். ஹூக்குக்கு நேராக வந்ததும் இடம் போதவில்லை. அவள் நின்ற இடத்திலேயே அடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஹூக் மூச்சை இழுத்து வயிற்றை உள்ளே வாங்கினார். போதவில்லை. இன்னும் வாங்கினார்.